ஹட்டுசாவைக் கற்கோட்டை என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துருக்கியின் தொல்நகரங்களைப் பற்றி நம் நாளிதழ்களிலும் வார இணைப்புகளிலும் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. எபேசு, திராய் போன்ற நகரங்களுக்குப் பத்தி பத்தியாக இடம் கிடைக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு அந்த நிலத்தை ஆண்ட ஹிட்டைட்டுப் பேரரசின் தலைநகரமான ஹட்டுசா மட்டும் 'பழங்காலக் கற்கோட்டை', 'மர்மமாக மறைந்த நகரம்' என்று இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டு வரிகளுமே தவறு. ஹட்டுசா கல்லால் கட்டிய நகரம் அல்ல, மண்ணால் கட்டிய நகரம். அது எப்படி வாழ்ந்தது, ஏன் அழிந்தது, அதைப் பற்றி நமக்கு ஏன் இவ்வளவு தெரிகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் மண்ணைப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். இதை எடுத்துச் சொல்லவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் நடுவே, அங்காராவுக்குக் கிழக்கே, சோரும் மாகாணத்துப் போவாஸ்கலே ஊரை ஒட்டி ஹட்டுசா இருக்கிறது. மதிலுக்குள் அடங்கிய பரப்பு சுமார் 1.8 சதுர கிலோமீட்டர். வடக்கே கீழ்நகரம், தெற்கே மேல்நகரம். இரண்டு கோடிக்கும் இடையே ஏறத்தாழ 300 மீட்டர் ஏற்றம். குளிர்காலத்தில் பனி கொட்டும், கோடையில் தரை வெடிக்கும். கி.மு. 18ஆம் நூற்றாண்டில் குஸ்ஸாரா என்ற நகரின் மன்னன் அனித்தா இங்கிருந்த பழைய ஊரைப் பிடித்து அழித்து, இனி இங்கே யார் குடியேறினாலும் புயல் கடவுள் தண்டிக்கட்டும் என்று சாபமும் இட்டான். சில தலைமுறைகள் கழித்து அதே குஸ்ஸாராவோடு உறவு கொண்டாடிய ஓர் அரசன் இந்த இடத்தையே தலைநகராக்கி, ஹட்டுசிலி என்ற பெயரையும் சூடிக்கொண்டான். முவதல்லி என்ற அரசன் காலத்தில் அரசவை தெற்கே தர்ஹுந்தஸ்ஸாவுக்குப் போய்த் திரும்பிய இடைவெளியைத் தவிர, கி.மு. 1180 வாக்கு வரை இதுவே தலைநகர். 1986இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இன்று அங்கே போகிறவர் கண்ணில் படுவது முழங்கால் உயரம், இடுப்பு உயரம் வரை ஓடும் கல்வரிசைகள். அவை சுவர்கள் அல்ல, சுவர்கள் நின்ற கடைக்கால்கள். கீழ்நகரத்துப் பெருங்கோயிலில் ஒரு கடைக்கால் கல்லின் அருகே குனிந்து அதன் மேல்முகத்தைப் பார்த்தால் விரல் நுழையும் அளவுக்கு வட்டமான துளைகள் வரிசையாகத் தெரியும். அவை சீரானவை, கைத்துளைப்பானால் நேராகக் குடைந்தவை. மர முளைகளை அறைந்து, அவற்றின் மேல் உத்தரங்களைப் பொருத்தி, மரச்சட்டம் எழுப்புவதற்காக இடப்பட்டவை. சட்டத்தின் இடைவெளியை நிரப்பியது சுடாத மண்கல், அதாவது வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல். மேலே மண் பரப்பிய தட்டைக் கூரை. ஆக, கல் இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: மண்கல்லைத் தரையின் ஈரத்திலிருந்து தூக்கிப் பிடிப்பது. மேலே இருந்த நகரம் முழுவதும் கரைந்து போயிற்று, பாதம் மட்டும் மிஞ்சியது. அந்தப் பாதத்தைப் பார்த்துவிட்டு 'கற்கோட்டை' என்று எழுதுகிறோம்.

அந்த மண்சுவர் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஜெர்மன் தொல்லியல் நிறுவனம் யூர்கன் ஸீஹர் தலைமையில் 2003 முதல் 2005 வரை கீழ்நகர மதிலின் 65 மீட்டர் நீளத்தைப் பழைய முறையிலேயே மறுபடி கட்டிப் பார்த்தது. 7 முதல் 8 மீட்டர் உயரத்தில் மூன்று மதில் துண்டுகள், 12 முதல் 13 மீட்டர் உயரத்தில் இரண்டு கோபுரங்கள். உச்சியின் வடிவத்துக்கு ஆதாரம், அகழாய்வில் கிடைத்த மண்கலங்களின் விளிம்பில் ஹிட்டைட்டுக் குயவர்களே வடித்து வைத்த குட்டிக் கோபுரங்கள். பற்கள் போன்ற மேல்விளிம்பும், சாளரங்களும், உத்தரங்களின் நுனிகளும்கூட அவற்றில் தெரிகின்றன.

அந்தப் பணியின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு மண்கல் 45 சென்டிமீட்டருக்கு 45, கனம் 10. எடை சுமார் 34 கிலோ; ஒரே ஆள் நாள் முழுக்கத் தூக்கிப் போடக்கூடிய எடை அல்ல. 65 மீட்டருக்குச் செலவானவை 64,000 கற்கள். மண் 2,700 டன், வைக்கோல் 100 டன், தண்ணீர் 1,500 டன். வகுத்துப் பார்த்தால், மதில் ஒரு மீட்டர் நகர ஏறத்தாழ 1,000 கற்களும் 23 டன் தண்ணீரும் வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குப் பத்து லட்சம் கற்கள், 2.3 கோடி லிட்டர் தண்ணீர். ஹட்டுசாவின் மதில்களோ மொத்தம் 6 கிலோமீட்டருக்கும் மேல்.

இதில் கட்டிடக் கலைஞனை மிரட்டும் எண் கற்களின் எண்ணிக்கை அல்ல, தண்ணீர். காரணம் எளிது. மண்கல்லைக் கோடையில்தான் அறுக்க முடியும். மழையிலும் உறைபனியிலும் அறுத்தால் காயாது. உள்ளே ஈரம் தங்கிய கல் ஓர் இரவு உறைந்தாலே பிளந்துவிடும். ஆனால் கோடையில்தான் அந்த மேட்டில் தண்ணீர் கிடையாது. கலவையிலும் நிதானம் தவறக்கூடாது. களி மிகுந்தால் கல் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் மிகுந்தால் கைபட்டாலே உதிரும். வைக்கோல் சேர்ப்பது வலுவுக்காக மட்டும் அல்ல. வைக்கோல் வழியே உள் ஈரம் வெளியே வருவதால் கல் வெளியும் உள்ளும் சேர்ந்தாற்போல் காய்கிறது, வெடிப்பு குறைகிறது. நறுக்கிய வைக்கோலை மண்ணோடு மிதித்துக் குழைத்து, ஊறவிட்டு, மரச்சட்டத்தில் அடித்துப் படுக்கப் போட்டு, மேல்முகம் இறுகியதும் நிமிர்த்தி நிறுத்தி மறுபக்கம் காயவைக்க வேண்டும். வைக்கோல் அறுவடைக்குப் பிறகே கிடைக்கும் என்பதால் வேலைக்குக் கிடைக்கும் நாட்கள் இன்னும் சுருங்குகின்றன. அறுவடைக்கும் ஆள் வேண்டும், கல் அறுக்கவும் ஆள் வேண்டும், இரண்டும் ஒரே பருவம். ஒரு பேரரசு தன் தலைநகரைக் கட்டுவதில் பட்ட பாடு இங்கேதான் இருக்கிறது.

மதிலின் உடலமைப்பும் கவனிக்கத் தக்கது. அது முழுக் கனத்தில் எழுப்பிய ஒரே சுவர் அல்ல. இணையாக இரண்டு சுவர்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சுவர்கள், இடையில் உண்டாகும் பெட்டிகளில் மண்ணும் கல்லும் நிரப்பல். மண்கல் செலவு குறையும். ஒரு பெட்டி இடிந்தாலும் அடுத்தது நிற்கும்.

மேல்நகரத்துக் குளங்களை இந்தத் தண்ணீர்க் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தெற்கே, மேட்டின் மேல் ஐந்து குளங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அகலம் குறைவு, ஆழமோ 8 மீட்டர் வரை போகிறது. வெயில் படும் நீர்ப்பரப்பு சிறியதானால் ஆவியாவது குறையும். நிலத்தடி ஊற்றும் உள்ளே கசிந்து சேரும். கரையைக் களிமண்ணால் இறுக்கி நீர் வெளியே கசியாமல் செய்தார்கள். நகருக்குள் நீர் போகச் சுடுமண் குழாய்கள். அடைப்பு எடுக்க வசதியாகக் குழாயின் மேற்புறத்தில் துளை வைத்து மூடியும் போட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட குளத்துக்கு ஒரே எதிரி வண்டல். தூர் வாராமல் விட்டால் ஆழம்தான் முதலில் போகும், ஆழம் போனால் அதன் பயனே போயிற்று. ஹட்டுசாவின் தென்குளங்கள் அப்படித்தான் வண்டலேறித் தூர்ந்தன.

மண் நகரம் என்றால் வருடாவருடம் கவனிக்க வேண்டிய நகரம். மண்சுவர் மூன்று இடங்களில் சாகும். ஒன்று தலை: கூரையிலோ மேல்விளிம்பிலோ ஒரு விரிசல் விட்டால் மழைநீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமலே சுவரின் நடுவைக் கரைக்கும். இரண்டாவது பாதம்: தரையில் விழுந்து தெறிக்கும் மழையும், கீழிருந்து உறிஞ்சி ஏறும் ஈரமும், அது கொண்டு வரும் உப்பும் அடிவரிசையைப் பொடியாக்கும். மூன்றாவது முகம்: மண்பூச்சு ஈரமாகி, உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, பாளம் பாளமாகக் கழன்று விழும். பூச்சைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் சுவர் தலைமுறை தலைமுறையாக நிற்கும். சில குளிர்காலங்கள் சும்மா விட்டால் போதும், கதை முடிந்தது.

ஹிட்டைட்டு அரசர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். எல்லைக் கோட்டைத் தலைவர்களுக்கு இட்ட ஆணைகள் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. எதிரியைக் கண்காணிப்பது எப்படி என்று சொல்லும் அதே ஆணை, சுவருக்கு வைக்கோல் கலந்த மண்பூச்சு வேண்டும், கூரை ஒழுகக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்கிறது. ஹட்டுசாவின் நகரத் தலைவருக்கான ஆணை தனி: மாலையில் வாயில்களை அடைத்து முத்திரை வைக்க வேண்டும், காலையில் முத்திரை கலையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும். அந்த முத்திரையும் களிமண்தான். போரையும் வீரத்தையும் பற்றி எழுதுகிற நம் கட்டுரைகள், ஓர் அரசன் ஒழுகும் கூரையைப் பற்றிக் கவலைப்பட்டதையும் எழுதலாம். ஆட்சி என்றால் என்ன என்பது அதில்தான் தெரிகிறது.

தானியத்தையும் மண்ணுக்குள்ளேயே வைத்தார்கள். கீழ்நகர மதிலின் உட்புறத்தில் கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 32 அறைகள் கொண்ட ஒரு நிலத்தடிக் களஞ்சியம் அகழ்ந்தெடுக்கப்பட்டது. இரண்டு வரிசை, வரிசைக்கு 16. முழுதும் நிரப்பினால் ஆயிரக்கணக்கான டன் பிடிக்கும். பியூக்கயா குன்றிலும் பெரிய தானியக்குழிகள் உண்டு. முறை இதுதான்: அடியிலும் பக்கத்திலும் வைக்கோல் பரப்பி, தானியத்தைக் கொட்டி, மேலேயும் வைக்கோல் போட்டு, மண்ணால் காற்றுப் புகாமல் மூடுவது. ஓரத்திலுள்ள மணிகள் ஈரம்பட்டு முளைக்கும், கெடும். அந்த இழப்பு கணக்கில் சேர்ந்ததுதான். முளைக்கும்போது அவை உள்ளிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடும்; பூச்சியும் பூஞ்சையும் அதில் பிழைக்காது. நடுவிலுள்ள தானியம் வருடக்கணக்கில் கெடாது. ஆனால் ஒரு நிபந்தனை: அறையை ஒருமுறை திறந்தால் முழுவதையும் எடுத்தாக வேண்டும், பாதி எடுத்துவிட்டு மூடினால் மீதி வீண். ஒரே பெருங்குழியாக விடாமல் அறை அறையாகப் பிரித்ததற்கு இதுவும் காரணமாக இருக்க வேண்டும். ஒரு தீயில் இந்தக் களஞ்சியத்தின் ஒரு பகுதி எரிந்து நூற்றுக்கணக்கான டன் தானியம் கரியாயிற்று. கரியான தானியம் மக்காது. அதனால்தான் அங்கே என்ன கோதுமை, என்ன பார்லி, கூடவே என்ன களை வளர்ந்தது என்பதையெல்லாம் இன்று ஆய்வகத்தில் மணி மணியாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது.

இனி 'மர்மமான மறைவு'. பழைய நூல்கள், 'கடலோடிகள்' எனப்படும், கடல்வழி வந்த கூட்டத்தார் படையெடுத்து வந்து ஒரே நாளில் நகரை எரித்தார்கள் என்று எழுதின. நம் கட்டுரைகள் அதை இன்னும் திருப்பிச் சொல்கின்றன. அகழாய்வு வேறு விதமாகச் சொல்கிறது. தீ வைக்கப்பட்டவை பெரும்பாலும் அரண்மனையும் கோயில்களும் போன்ற பொதுக் கட்டிடங்கள். எரிந்தபோது அவற்றுக்குள் விலைமதிப்புள்ள பொருள் ஏதும் இருக்கவில்லை, முன்பே காலி செய்யப்பட்டிருந்தன. அரசவை தன் உடைமைகளைக் கட்டிக்கொண்டு வெளியேறியது. தீ அதற்குப் பிறகு. எங்கே போனார்கள் என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏன் போனார்கள் என்பதற்குத் தடயங்கள் இருக்கின்றன. எகிப்திய மன்னன் மெர்னெப்தா, ஹிட்டைட்டு நாட்டை உயிரோடு வைக்கத் தானியம் அனுப்பியதாகக் கர்னாக் கல்வெட்டில் சொல்கிறான். அனத்தோலியாவின் மற்றொரு தொல்நகரான கோர்டியனில் கிடைத்த ஜூனிப்பர் மரத்துண்டுகளின் வளையங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, கி.மு. 1198, 1197, 1196 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கடும் வறட்சி இருந்ததைக் காட்டியது. ஒரு வருடம் பொய்த்தால் களஞ்சியம் தாங்கும், இரண்டாவது வருடமும் இழுத்துப் பிடிக்கலாம். மூன்றாவது வருடம் விதைநெல்லும் இல்லாத நிலை. வறட்சி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன்; வாரிசுச் சண்டையும் எல்லைப் போர்களும் ஏற்கெனவே நாட்டைத் தளர்த்தியிருந்தன. ஆனால் தானியம், தண்ணீர், ஆட்கள் மூன்றும் ஒரே நேரத்தில் குறைந்தால் ஒரு மண் நகரத்தைப் பராமரிக்க முடியாது என்பது மேலே சொன்ன கணக்கிலிருந்தே விளங்கும். பின்னர் சிலர் பியூக்கயாவில் சிறிய அளவில் வாழ்ந்தார்கள், ஹிட்டைட்டுகளுக்குப் பின் அனத்தோலியாவில் ஓங்கிய பிரிஜியர் காலத்தில் ஊர் மறுபடி தழைத்தது. அது வேறு வரலாறு.

இப்போது இந்த மண்ணின் மிகப் பெரிய கொடைக்கு வருகிறேன்: களிமண் பலகைகள். துண்டுகளையும் சேர்த்து ஏறத்தாழ 30,000. 2001இல் இந்த ஆவணத் தொகுதியை யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. ஹிட்டைட்டு, அக்காடியம், சுமேரியம், ஹத்தி, ஹுர்ரியம், லூவியம், பலாயம் என ஏழு மொழிகள் இவற்றில் உண்டு. 2023இல் கலஸ்மா நாட்டின் மொழி என்று எட்டாவதாக ஒன்றும் ஒரு சடங்குப் பலகையிலிருந்து அடையாளம் காணப்பட்டது.

பலகையைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் முதலில் கவனிப்பது அதன் வளைவு. முன்முகம் தட்டையாக இருக்கும், பின்முகம் மெல்லப் புடைத்திருக்கும். அதனால் உள்ளங்கையளவு உடைந்த துண்டு கிடைத்தாலும் அது பலகையின் எந்தப் பக்கம், நடுவிலிருந்தா ஓரத்திலிருந்தா என்று கனத்தையும் வளைவையும் வைத்தே சொல்லிவிடலாம். எழுத்தர் முன்முகத்தைப் பத்தி பத்தியாக இடமிருந்து வலமாக நிரப்பி, பலகையைக் கீழ்விளிம்பைப் பிடித்து மேல்நோக்கிப் புரட்டி, பின்முகத்தில் பத்திகளை வலமிருந்து இடமாக எழுதிச் செல்வார். புத்தகத்தின் தாளைத் திருப்புவதுபோல் பக்கவாட்டில் திருப்பினால் எழுத்து தலைகீழாகத் தெரியும். களிமண் ஈரமாக இருக்கும்போதே எழுதி முடிக்க வேண்டும். பிழை நேர்ந்தால் விரலால் தேய்த்துவிட்டு அதன் மேல் எழுதலாம், அந்தத் தேய்ப்பும் இன்று தெரிகிறது. முடிவில் நூலின் பெயர், இது எத்தனையாவது பலகை, நூல் முடிந்ததா இல்லையா, எழுதியவர் யார் என்ற குறிப்பு. பலகைகளை மரத்தட்டுகளில் அடுக்கி, அடையாளத்துக்குச் சிறு களிமண் சீட்டுகளும் வைத்தார்கள்; எந்த நூலில் எத்தனை பலகை, எது காணவில்லை என்று பட்டியலிட்ட பலகைகளும் உண்டு.

இவற்றில் பெரும்பாலானவை சுடாமல் உலர வைத்தவை. அப்படியே கிடந்திருந்தால் சுவரோடு சேர்ந்து சேறாகியிருக்கும். நகரை அழித்த தீதான் பலவற்றைச் சுட்டு இறுக்கியது. எழுத்தர்கள் மரப்பலகைகளிலும் எழுதினார்கள் என்று களிமண் பலகைகளே சொல்கின்றன. அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உலோகத்தின் கதியும் அதுவே. கி.மு. 1274இல் சிரியாவின் காதேஷில் மோதிய எகிப்து, ஹிட்டைட்டு என்ற இரண்டு வல்லரசுகள் கி.மு. 1259இல் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கை வெள்ளித் தகடுகளில் பொறிக்கப்பட்டது. வெள்ளியை யாரோ உருக்கிவிட்டார்கள். ஹட்டுசிலி III, ராம்செஸ் II ஆகியோரின் அந்த உடன்படிக்கையை நாம் படிப்பது எகிப்தியக் கோயில் சுவர்களிலிருந்தும், 1906இல் ஹட்டுசாவில் கிடைத்த காப்பகப் படியிலிருந்தும்தான். அது மதிப்பற்ற களிமண், ஆகவே யாரும் எடுத்துப் போகவில்லை. விதிவிலக்காக 1986இல் ஸ்ஃபிங்ஸ் (சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட சிலை) வாயிலருகே ஒரு வெண்கலத் தகடு கிடைத்தது: 35 சென்டிமீட்டருக்கு 23.5, எடை 5 கிலோ, ஹிட்டைட்டு அரசன் துதலியா IV, தர்ஹுந்தஸ்ஸாவின் அரசன் குருந்தாவோடு செய்த உடன்படிக்கை. மண்ணுக்கடியில் புதைந்திருந்ததால் அதுவும் தப்பியது. ஹட்டுசாவின் நிஷான்தெபே குன்றில் 1990, 1991 ஆண்டுகளில் முத்திரை பதித்த களிமண் கட்டிகள் 3,000க்கும் மேல் கிடைத்தன. அவை ஆவணங்களில் கட்டித் தொங்கவிடப்பட்டவை. ஆவணம் போயிற்று, கட்டி நின்றது. அரசர் வரிசையைச் சரிபார்க்க இன்று அவை பெரும் துணை.

தோண்டிய முறையில் நடந்த ஒரு பெரிய இழப்பையும் சொல்லியாக வேண்டும். 1834இல் சார்ல்ஸ் தெக்ஸியே இடிபாடுகளை வெளியுலகுக்கு அறிவித்தார். 1906இல் ஹுகோ விங்க்லரும் தியோடோர் மக்ரிதியும் அகழ்வைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கில் பலகைகள் வெளிவந்தன. ஆனால் எந்தப் பலகை எந்த அறையில், எந்தப் பலகைக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற குறிப்பு பெரும்பாலானவற்றுக்கு எடுக்கப்படவில்லை. அதன் விலையை இன்றுவரை கட்டுகிறோம். ஒரே பலகையின் துண்டுகள் வெவ்வேறு அருங்காட்சியகங்களுக்குச் சிதறின. பெர்லினுக்குச் சென்ற பலகைகளில் சுமார் 7,400, 1987இல் துருக்கிக்குத் திரும்பின. உடைந்த விளிம்புகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் வேலை நூறாண்டு கடந்தும் முடியவில்லை. 1915இல் பெட்ரிச் ஹ்ரோஸ்னி ஹிட்டைட்டு மொழியின் புதிரை விடுவித்தார். 1931இலிருந்து குர்ட் பிட்டல் முறையான அகழாய்வை நடத்தினார். அதற்குப் பிறகே இடமும் அடுக்கும் ஒழுங்காகப் பதிவாயின.

நம் வாசகர்களுக்கென்று ஒரு விளக்கம். இந்தப் பலகைகளில் மித்ரன், வருணன், இந்திரன், நாசத்தியர் பெயர்கள் வருகின்றன என்ற செய்தி வெளியாகும்போதெல்லாம் 'ஹட்டுசா வேத நகரம்' என்ற தலைப்பும் கூடவே வருகிறது. பெயர்கள் வருவது உண்மை. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட்டு அரசன் சுப்பிலுலியுமா I, வடசிரியாவை ஒட்டிய அண்டை நாடான மித்தானியின் அரசன் ஷத்திவாஸாவோடு செய்த உடன்படிக்கையில், சாட்சிக் கடவுளரின் நீண்ட பட்டியலில் அவை இருக்கின்றன. ஆனால் அவை மித்தானி தரப்பின் கடவுளர். ஹட்டுசாவின் கடவுளர் அல்லர். மித்தானியின் பேச்சுமொழியும் ஹுர்ரியம். கிக்குலி என்ற மித்தானியன் எழுதிய குதிரைப் பயிற்சி ஏட்டிலும், ஓட்டச் சுற்றுகளைக் குறிக்க ஐக, தெர, பஞ்ச, சத்த, ந (1, 3, 5, 7, 9) என்ற இந்தோ-ஆரிய எண்கள் வருகின்றன. ஏட்டின் மொழி ஹிட்டைட்டு. மித்தானி அரச குடும்பத்திலும் குதிரைக்காரரிடையிலும் இந்தோ-ஆரிய மொழி பேசிய ஒரு கூட்டத்தின் தடம் இருந்தது என்பதுவரை சான்று போகும். அதற்கு மேல் ஓர் அடிகூடப் போகாது. சான்று சொல்லும் அளவே போதுமான வியப்பு. அதை ஊதிப் பெருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, படங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஹட்டுசா பற்றிய கட்டுரைகளோடு பெரும்பாலும் வெளியாவது உயர்ந்த மண்நிற மதிலும் இரு கோபுரங்களும் உள்ள படம். அது 2005இல் முடிந்த மறுகட்டுமானம். '3,200 ஆண்டுகளாக நிற்கும் மதில்' என்று படத்தின் கீழ் போடுவது வாசகரை ஏமாற்றுவதாகும். சிங்க வாயிலின் இடப்புறச் சிங்கத்தின் தலை 2011இல் செய்து பொருத்தப்பட்டது. அரச வாயிலில் தெரியும் கோடரி ஏந்திய வீரன் நகல். அசல் அங்காராவின் அனத்தோலிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஸ்ஃபிங்ஸ் வாயிலின் உட்புறத்தில் நின்ற இரண்டு ஸ்ஃபிங்ஸ்களும் இன்று போவாஸ்கலே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பெர்லினிலிருந்து 2011இல்தான் திரும்பி வந்தது. நகரின் தென்கோடியிலுள்ள யெர்கபி மேட்டை 'பிரமிடு' என்றும் அதனடியில் ஓடும் 71 மீட்டர் வழியை 'ரகசியச் சுரங்கம்' என்றும் எழுதுகிறார்கள். 250 மீட்டர் நீளமும் 30 மீட்டர் உயரமும் உள்ள அந்த மேடு, மண் குவித்து வெளிமுகத்தில் கல் பாவியது. இருபுறமும் கற்களை உள்நோக்கிச் சாய்த்து உச்சியில் ஆப்புக் கல் இறக்கிச் சுரங்கத்தைக் கட்டிய பிறகே அதன் மேல் மண்ணைக் கொட்டினார்கள். வெளிப்புறத்தில் ஏறுவதற்குப் படிக்கட்டு வைத்த இடம் எதிரியை மறிப்பதற்கானதாக இருக்க முடியாது. ஊர்வலத்துக்கும் பெருமைக்கும் கட்டியது. அந்தச் சுரங்கத்தின் சுவர்களில் செம்பழுப்பு நிறத்தில் தீட்டிய 249 சித்திர எழுத்துகள் 2022இல்தான் கண்ணில் பட்டன. அத்தனை ஆண்டுகள் அவற்றைக் கடந்து எத்தனையோ பேர் நடந்திருக்கிறார்கள். நம் வாசகர்களில் யாரேனும் அங்கே போனால் சுரங்கத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க வேண்டாம் என்பதையும் தங்கள் பயணக் கட்டுரைகளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்; அந்த நிறம் கையோடு வந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்